மலிவு டார்ச், மலிவு ஸ்பேனர்: எதில் காசை மிச்சம் பிடிக்கலாம்?

கேள்வி, 2 ஜூன்

புது வீட்டுக்குக் குடி போகிறேன். கையில் ஒரு டூல்ஸும் கிடையாது. 108 உருப்படி உள்ள ஒரு பெட்டி பார்த்தேன். சுத்தியல், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், சாக்கெட், டேப் எல்லாம் அதிலேயே இருக்கிறது. நல்ல கம்பெனி ஸ்பேனர் நாலைந்து வாங்கும் காசுக்கு மொத்தப் பெட்டியும் வந்துவிடுகிறது. கூடவே ஒரு டார்ச்சும் பார்த்து வைத்திருக்கிறேன். 90,000 லூமன், ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் 12 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. எப்போதாவது வீட்டில் பயன்படுத்த இதெல்லாம் போதாதா? விலை கூடியதை வாங்குபவர்கள் பெயருக்குத்தானே காசு கொடுக்கிறார்கள்?

2 ஜூன், இரவு

பெட்டியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்த டார்ச்சை வாங்காதீர்கள்.

மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. என்னிடம் இருக்கும் ஏழு டார்ச்சில் ஐந்து மலிவுச் சரக்குதான். அதில் மூன்று பல வருடமாக நன்றாக எரிகின்றன. ஆனால் நீங்கள் பார்த்த டார்ச் பொய் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் வெளிச்சம் தரும். 90,000 லூமன் வேண்டுமென்றால் 900 வாட் உள்ளே போக வேண்டும். அது இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம். உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினியக் குழாயில் அவ்வளவு மின்சாரம் ஓடினால் ஒரு நிமிடம்கூடக் கையில் பிடிக்க முடியாது. எல்லாரும் படிக்கிற எண்ணிலேயே இப்படித் துணிந்து பொய் சொல்பவன், கண்ணுக்குத் தெரியாத பேட்டரியில் என்ன செய்து வைத்திருப்பான்? என் கவலை அதுதான்.

3 ஜூன்

ஒரு திருத்தம். வாட்டுக்கு 100 லூமன் என்று நான் எழுதியது தோராயக் கணக்கு. நல்ல எல்இடியை அளவாக ஓட்டினால் 150கூட வரும் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். அப்படி வைத்துக்கொண்டாலும் 600 வாட் வேண்டும். முடிவு மாறவில்லை.

12 மணி நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். இந்த வகை டார்ச்சில் பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் செல் இருக்கும். பெயரிலேயே அளவு இருக்கிறது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழி (0) உருளை வடிவத்துக்கு. அந்த உடம்புக்குள் அடங்குகிற நல்ல செல்லே 3,500 மில்லி ஆம்பியர் மணியைச் சுற்றித்தான் நிற்கிறது. அதை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணி. ஆக, உண்மையாகவே 1,000 லூமன் தரும் டார்ச் ஒன்று முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். 12 மணி நேரம் எரிய வேண்டுமென்றால் 100 லூமன் அளவில் ஓட்ட வேண்டும்.

100 லூமன் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பெரிய பேட்டரி போட்ட பழைய குண்டு பல்பு டார்ச் பத்துப் பதினைந்து லூமன்தான் தரும். அப்பா அதை வைத்துக்கொண்டு கிணற்றுக்குள் விழுந்த வாளியைக் கண்டுபிடித்து எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன திருகாணிக்கு 100 லூமன் தாராளம். இன்னொன்று, கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் ஏறக்குறைய நாலு மடங்கு கூட வேண்டும். 500 லூமனுக்கும் 700 லூமனுக்கும் வித்தியாசம் பெட்டி மேல்தான் தெரியும், சுவரில் தெரியாது.

5 ஜூன்

நேற்று ராத்திரி நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

எங்கள் தண்ணீர் மோட்டார் கொஞ்ச நாளாக அதிர்ந்துகொண்டே இருந்தது. தூக்கி அடியில் ரப்பர் வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நாலு போல்ட். எம்10, அதாவது மரை விட்டம் 10 மில்லிமீட்டர், தலை 17 மில்லிமீட்டர். இரண்டு சுலபமாக வந்துவிட்டன. மூன்றாவது துருவேறி இறுகியிருந்தது. மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம்தான். நல்ல ரிங் ஸ்பேனர் வண்டியில் இருந்தது. எழுந்து போகாமல், பக்கத்தில் கிடந்த மலிவு செட் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். திறந்த வாய் ஸ்பேனர். முதல் இழுப்பிலேயே கையில் ஒரு நெகிழ்வு தெரிந்தது. போல்ட் இளகிவிட்டது என்று நினைத்தேன். இளகியது ஸ்பேனரின் வாய். இரண்டாவது இழுப்பில் வழுக்கி, விரல் முட்டி சுவரில் இடித்தது.

டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். போல்ட் தலையின் ஆறு மூலைகளில் இரண்டு மழுங்கிப் போயிருந்தன. சீவப்பட்ட இரும்பு மெல்லிய சுருளாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. துருவின் பழுப்புக்கு நடுவே அந்த இரண்டு இடம் மட்டும் வெள்ளியாக மின்னியது. ஸ்பேனரின் வாயில் 17 மில்லிமீட்டர் புது போல்ட் ஒன்றை விட்டுப் பார்த்தேன். லொடலொட என்று ஆடியது.

ஸ்பேனர் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. போகிற போக்கில் போல்ட்டையும் கெடுத்துவிட்டுப் போய்விட்டது. இனி எவ்வளவு நல்ல ஸ்பேனரைப் போட்டாலும் பிடிக்க மூலை வேண்டுமே.

ஆகவே, உங்கள் பெட்டியில் இருக்கும் 108 உருப்படியையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, 'நீ கெட்டுப்போகும்போது கூடவே எதைக் கெடுப்பாய்?' என்று கேட்டுப் பாருங்கள். தன்னோடு முடித்துக்கொள்ளும் சாமான் என்றால் மலிவாகவே இருக்கட்டும். கை வைத்த வேலையைக் கெடுக்கும் சாமான் என்றால் காசு போடுங்கள்.

6 ஜூன்

மூன்றாவது போல்ட் அப்படியே நிற்கிறது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

8 ஜூன்

பெட்டிக்கு வருகிறேன். என் அனுபவத்தில் சொல்வது இது.

ஹேக்சா சட்டம் மலிவாக இருக்கலாம். அது பிளேடை இழுத்துப் பிடித்தால் போதும், வெட்டுவது பிளேடு. பிளேடை மட்டும் நல்லதாக வாங்குங்கள். அங்குலத்துக்கு 18, 24, 32 பல் என்று வரும். வெட்டும் தகட்டின் கனத்துக்குள் எப்போதும் மூன்று பல்லாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் மாட்டி உடையும். பல்லின் முனை முன்பக்கம் பார்த்து இருக்கட்டும். பெட்டியோடு வரும் பிளேடு ஒரு குழாய்க்குத் தாங்கினால் அதிகம். பெயின்ட் டப்பா திறக்கும் கம்பி, கிளாம்ப், சுரண்டும் தகடு, காந்தம் வைத்த கிண்ணம் இதிலெல்லாம் யோசிக்கவே வேண்டாம். சுத்தியலும் மலிவாகவே இருக்கலாம், ஒரு இரும்புத் துண்டுதானே.

ஆலன் கீ, அதாவது தலையில் ஆறு மூலைக் குழி உள்ள திருகாணியைத் திருகும் வளைந்த கம்பி, மலிவாக வாங்கவே கூடாது. மெத்தென்ற இரும்பில் செய்த ஆலன் கீ முறுக்கும்போது மூலை உருண்டு, திருகாணியின் குழியையும் உருட்டிவிடும். 5 மில்லிமீட்டர் குழியில் 3/16 அங்குலக் கீயும் உள்ளே போய்விடும். அதன் அளவு 4.76 மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளிதான் குழியைத் தின்கிறது.

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் அப்படித்தான். ஸ்டார் என்று நாம் சொல்லும் பிலிப்ஸ் தலை 1936இல் கார் தொழிற்சாலை அசெம்பிளி வரிசையில் புகுந்தது. முனை தானாக நடுவில் போய் உட்காரும் என்பதுதான் அதன் பலம். சாய்ந்த சுவர்கள் என்பதால் பலமாகத் திருகினால் முனை மேலே ஏறி வழுக்கும் என்பது பலவீனம். முனை சரியான அளவில், சரியான பதத்தில் இருந்தால் ஓரளவு தாங்கும். வீட்டில் கண்ணில் படும் ஸ்டார் திருகாணிகளில் பெரும்பாலானவை பிஎச்2 அளவு. நல்ல பிஎச்2 ஒன்றே ஒன்று வாங்கினால், பெட்டியில் வரும் பன்னிரண்டு ஸ்க்ரூ டிரைவரில் பத்தைத் தொட வேண்டியிருக்காது.

ஸ்பேனரிலும் பிளேயரிலும் குரோம் வனேடியம் என்ற எஃகுக் கலவையின் பெயர் பொறித்திருந்தால் ஓரளவு நம்பலாம்.

9 ஜூன்

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். எழுதிவிட்டு எனக்கே உறுத்தியது, எழுந்துபோய்ச் சோதித்தேன்.

மலிவு செட்டில் இருந்து குரோம் வனேடியம் முத்திரை போட்ட மூன்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முனைக்குச் சற்று மேலே பொடி அரத்தால் மெல்லத் தேய்த்தேன். பதம் ஏறிய எஃகு என்றால் அரம் கண்ணாடியில் தேய்ப்பது போலக் கிறீச்சென்று வழுக்க வேண்டும். ஒன்றில் வழுக்கியது. மற்ற இரண்டில் அரம் கடித்தது, விரல் நுனியில் இரும்புத் தூள் ஒட்டியது. மூன்றிலும் ஒரே முத்திரை.

முத்திரையை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அப்படியே கலவை சரியாக இருந்தாலும், காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்றும் வேலை சரியாக நடந்திருக்க வேண்டும். அந்த வேலையைத்தான் மலிவுக்காகக் குறுக்குகிறார்கள். அதனால்தான் ஒரே செட்டில் ஒன்று நல்லதாகவும் அடுத்தது களிமண்ணாகவும் வருகிறது.

நீங்கள் செய்து பார்ப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பளபளவென்று முலாம் பூசிய ஸ்பேனரில் முதலில் அரம் வழுக்கத்தான் செய்யும், குரோம் முலாமே கடினம். முலாம் போன பிறகு உள்ளே கடிக்கிறதா என்று பாருங்கள்.

12 ஜூன்

லித்தியம் செல் அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். தராசு போதும். நல்ல 18650 செல் 45 முதல் 49 கிராம் வரை இருக்கும். ஒரு மலிவு டார்ச்சோடு எனக்கு வந்த செல்லின் மேல் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்திருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன். 31 கிராம். பழைய லேப்டாப் பேட்டரியில் இருந்து வந்த செல்லைப் பக்கத்தில் வைத்தேன். 46. கையில் எடுத்தாலே தெரியும், ஒன்று கனமாக உட்காருகிறது, இன்னொன்று காலி டப்பாவாகத் தோன்றுகிறது. சார்ஜ் ஏற்றி இறக்கி அளந்தபோது அந்த 9,900 செல் 1,100ஐக்கூடத் தொடவில்லை.

கொள்ளளவு குறைந்தால் நேரம்தான் குறையும், அது தொலைகிறது. பயம் வேறு. லித்தியம் செல் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். அதற்கு மேல் திணித்தால் சூடேறி, மோசமானால் தீப்பிடிக்கும். அங்கே நிறுத்த வேண்டியது சார்ஜர். மலிவு டார்ச்சோடு வரும் துண்டுச் சார்ஜர் சிலவற்றில் அந்த நிறுத்தல் சரியாக வேலை செய்வதில்லை. என்னிடம் வந்த ஒன்று 4.35 வரை ஏற்றியது, மீட்டரில் பார்த்துவிட்டு அன்றே ஒதுக்கினேன். டார்ச் மலிவாக இருக்கட்டும், செல்லும் சார்ஜரும் நல்லதாக இருக்கட்டும். ராத்திரி படுக்கப் போகும்போது சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். இதில் நான் சமரசமே செய்யமாட்டேன்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு, ஏஏ அளவு நிக்கல் ரீசார்ஜபிள் பேட்டரி போடும் டார்ச் நல்லது. 1.2 வோல்ட்தான், வெளிச்சம் கம்மிதான். ஆனால் குழந்தைகள் கையில் தைரியமாகக் கொடுக்கலாம்.

13 ஜூன்

மேலே சொன்னதோடு ஒன்று. அல்கலைன் பேட்டரியைப் போட்டு டார்ச்சை மாதக்கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள். கசிந்து வரும் வெள்ளைப் பூப்பு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வந்து காய்ந்தது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சில் தொட்டு ஸ்பிரிங்கைத் துடைத்தால் போகும். சீக்கிரம் பார்த்தால்தான் உண்டு. அப்பாவின் பித்தளை டார்ச்சை நான் பார்ப்பதற்குள் அடிப்பக்கம் அரித்து முடித்துவிட்டது.

15 ஜூன்

மலிவு டேப்பின் கொக்கி லொடலொடவென்று ஆடுகிறது, பசை போட்டு ஒட்டிவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, தயவுசெய்து அந்தப் பசையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. கொக்கியை விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கியின் உள்பக்கம் சுழியாக இருக்க வேண்டும். சுவரில் முட்டக் கொடுத்து அளக்கும்போது வெளிப்பக்கம் சுழியாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் கொக்கித் தகட்டின் கனம். சரியாக அந்தக் கனம் அளவுக்குத்தான் அது முன்னும் பின்னும் நகரும். ஒட்டிவிட்டால் இரண்டில் ஒரு அளவு எப்போதும் தப்பாகவே வரும்.

டேப்பை மலிவாக வாங்கலாம். நாடாவில் ரோமன் எண் இரண்டு பொறித்திருந்தால் அது இரண்டாம் தர நாடா. 5 மீட்டருக்கு 1.3 மில்லிமீட்டர் வரை பிழை அனுமதி. வீட்டு வேலைக்கு அது போதும். ஒரே வேலைக்கு இரண்டு டேப் பயன்படுத்தாமல் இருந்தால் சரி.

ரசமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். மேசை மேல் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்படியே முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி உங்கள் பார்வையில் அதே இடத்தில் நின்றால் மட்டம் நல்லது, மேசை சாய்வாக இருந்தாலும் பரவாயில்லை. செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்துக்கும் இதே போல. பலகையின் நேர் விளிம்பில் வைத்து ஒரு கோடு, புரட்டி வைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால் எடுத்துக்கொள்ளலாம். மலிவுச் சரக்குக் குவியலில் நாலைந்தைச் சோதித்தால் ஒன்று கச்சிதமாகக் கிடைத்துவிடும். எனக்குக் கிடைத்தது, பதினோரு வருடமாக அதுதான் ஓடுகிறது.

16 ஜூன்

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று ஒருவர் போட்டிருக்கிறார். உண்மைதான். வல்லவனுக்குப் புல் எவ்வளவு தாங்கும் என்று தெரியும், அதற்கு மேல் அவன் இழுக்கமாட்டான். புதிதாகத் தொடங்குபவருக்கு அந்தக் கை வந்திருக்காது. நல்ல ஸ்பேனர் அவருக்குத்தான் அதிகம் தேவை.

21 ஜூன்

பின்பக்கம் இரண்டு ஊசி வெளியே வந்து, நேராகப் பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றும் டார்ச் பற்றிக் கேட்டிருந்தார்கள். என்னிடம் செத்துப்போன ஒன்று இருந்தது. பிளக்கில் இருந்து எடுத்து ஒரு நாள் விட்டு, பிறகு திறந்தேன்.

உள்ளே ஒரு 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. ஊசியில் இருந்து வரும் ஒயர் ஒரு பழுப்புக் கெப்பாசிட்டருக்குப் போகிறது, அதன் தலைக்குமேல் ஒரு ரெசிஸ்டர், அடுத்து நாலு டயோடு, அப்புறம் பேட்டரி. அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. அதாவது வீட்டு மின்சாரத்துக்கும் அந்த எல்இடி பலகைக்கும் நடுவே பிரிப்பே இல்லை. சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் எந்த உலோகத்தைத் தொட்டாலும் மெயின் லைனைத் தொட்டது போலத்தான். பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டிருந்தால் அந்த டார்ச்சை அன்றே குப்பையில் போடுங்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழலாமா?

சார்ஜ் ஏறும்போது ஸ்விட்சையும் போடாதீர்கள். பேட்டரி நன்றாக இருக்கும்வரை அது வோல்ட்டேஜைப் பிடித்து வைக்கும். பேட்டரி செத்திருந்தால் வோல்ட்டேஜ் அப்படியே ஏறி எல்இடி எல்லாவற்றையும் ஒரே நொடியில் எரித்துவிடும். என்னுடையது அப்படித்தான் செத்தது என்று இப்போது தெரிகிறது, எல்இடி ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்புப் புள்ளி.

22 ஜூன்

போல்ட் அசையவில்லை. தினமும் எண்ணெய் விடுகிறேன்.

28 ஜூன்

சுத்தியல் மலிவாக இருக்கலாம் என்று 8ஆம் தேதி எழுதியது தப்பு. தச்சு வேலை செய்யும் ஒருவர் தனியாக எழுதி, தலை கழன்று பறந்து பக்கத்தில் நின்றவர் நெற்றியில் பட்ட கதையைச் சொன்னார். படித்துவிட்டு என் மலிவுச் சுத்தியலை எடுத்து உச்சியில் இருந்த பெயின்டைச் சுரண்டினேன். பிடி நுழையும் துளையில் ஆப்பே இல்லை. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே தீக்குச்சி போகும் சந்து, அதில் பசையை ஊற்றி மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இவ்வளவு நாள் இதைத் தலைக்கு மேல் ஓங்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்த கெட்டி மரத்துண்டில் ஆப்பு சீவி அடித்து இறுக்கிய பிறகுதான் அதை மறுபடி எடுத்தேன்.

ஆடும் சுத்தியலைத் தண்ணீரில் ஊறப்போடுவது பழைய வழக்கம். அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் மரம் முன்னைவிடச் சுருங்கி இன்னும் ஆடும். சுத்தியலால் சுத்தியலை அடிக்கவும் கூடாது. இரண்டு முகமும் பதம் ஏறியவை, சில்லு தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும்.

ஆகவே என் 5ஆம் தேதிக் கேள்வியில் ஒன்றைச் சேர்க்கிறேன். வேலையைக் கெடுக்குமா என்பதற்கு முன்னால், ஆளைக் கெடுக்குமா என்று கேளுங்கள்.

4 ஜூலை

'முதலில் மலிவாக வாங்கு, அது உடையும் அளவுக்குப் பயன்படுத்தினால் அப்புறம் நல்லதாக வாங்கு' என்ற யோசனையைப் பலரும் சொல்கிறார்கள். நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். நமக்கு எது அடிக்கடி தேவைப்படும் என்று தெரியாதபோது அது நல்ல வழி. ஸ்பேனர் உடையும் நாள் எப்போதும் வேலை பாதியில் நிற்கும் நாள் என்பதை அந்த யோசனை மறந்துவிடுகிறது. என் மோட்டார் ஒரு மாதமாக இரண்டு போல்ட்டில் நிற்கிறது.

ராட்செட், அதாவது சாக்கெட்டைக் கழற்றாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருகும் பிடி பற்றிக் கேட்டவருக்கு: பல் எண்ணிக்கையைப் பாருங்கள். 24 பல் என்றால் ஒவ்வொரு சொடுக்குக்கும் 15 டிகிரி திருப்ப வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். இடுக்கில் அந்தப் பத்து டிகிரி பெரிய விஷயம். சாக்கெட்டில் பன்னிரண்டு மூலை வேண்டாம், ஆறு மூலை வாங்குங்கள், போல்ட்டின் பக்கவாட்டைப் பிடிக்கும்.

11 ஜூலை

கேள்வி கேட்டவர் இப்போது வேறு ஒரு டார்ச்சின் படத்தைப் போட்டிருக்கிறார். 350 லூமன், 120 மீட்டர், 3 மணி நேரம், எஃப்எல்1 குறி. இது பரவாயில்லை, எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. எஃப்எல்1 என்பது 2009இல் வந்த அமெரிக்க அளவீட்டு முறை. போட்ட கணத்தில் அளக்காமல், 30 நொடி கழித்து அளப்பார்கள். நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. ஆகவே 3 மணி நேரமும் 350 லூமன் வராது. தூரம் என்பது 0.25 லக்ஸ் விழும் இடம். அது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. முகம் அடையாளம் தெரிய வேண்டுமென்றால் பாதித் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் வந்ததும் குறைந்த வெளிச்சத்தில் வைத்து போன் கேமராவில் பாருங்கள். திரையில் பட்டைபட்டையாக ஓடினால் எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கிறார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை, ஓடும் மோட்டார் பக்கத்தில் மட்டும் பிடிக்காதீர்கள், சுற்றும் விசிறி நிற்பது போலத் தெரியலாம்.

12 ஜூலை

விட்டுப்போனது. மலிவு டார்ச் விட்டு விட்டு எரிந்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். அலுமினிய உடம்பே அதன் நெகட்டிவ் ஒயர். பின்மூடியின் மரையில் படிந்த கறுப்பு அழுக்கை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். அப்புறம் மூடிக்குள் எட்டிப் பாருங்கள், ஸ்பிரிங்கைச் சுற்றி இரண்டு சின்னத் துளையோடு ஒரு வளையம் இருக்கும். ஸ்விட்சை அழுத்திப் பிடிப்பது அதுதான். நோஸ் பிளேயரின் இரண்டு முனையையும் துளைகளில் விட்டுக் கால் சுற்று முடுக்குங்கள். என்னுடைய மூன்று 'செத்த' டார்ச்சில் இரண்டு இப்படி எழுந்து வந்தன.

19 ஜூலை

மின்சார வேலைக்குப் பிளேயரின் கைப்பிடியில் இருக்கும் ரப்பரை நம்பலாமா என்ற கேள்விக்கு: நம்பக்கூடாது. அது கைக்கு மெத்தென்று இருப்பதற்காகப் போட்ட உறை. மின்காப்பு பிளேயர் என்றால் இரட்டை முக்கோணக் குறியும் 1,000 வோல்ட் என்ற எண்ணும் ஐஇசி 60900 என்ற தர எண்ணும் இருக்கும். அந்தத் தரத்தில் ஒவ்வொன்றையும் 10,000 வோல்ட்டில் சோதித்து அனுப்புவார்கள். அதை வாங்கினாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். 108 உருப்படிப் பெட்டிப் பிளேயரைக் கம்பி வளைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

27 ஜூலை

போல்ட் வந்துவிட்டது.

நாலு மூலை மிச்சம் இருந்த 17 தலைமேல் 16 மில்லிமீட்டர் ஆறு மூலை சாக்கெட்டை வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கினேன். சாக்கெட் அதே பழைய மலிவு செட்டில் இருந்து எடுத்தது. நல்ல செட்டில் இருந்து எடுக்க மனம் வரவில்லை, இந்த அடியை வாங்கும் சாக்கெட் திரும்பி வராது என்று தெரியும். முலாம் பூசிய சாக்கெட் விரிசல் விட்டுத் தெறிக்கலாம் என்பதால் கண்ணாடி போட்டுக்கொண்டேன். நல்ல ராட்செட் வேண்டாம் என்று நீளமான கம்பிப் பிடியை மாட்டி, சுவரில் முட்டி இடிக்காத பக்கமாக உட்கார்ந்து, மெல்ல மெல்லச் சுமை ஏற்றினேன். 'டக்' என்று ஒரு சத்தம். சாக்கெட் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். அரைச் சுற்று கழித்து மரையில் இருந்து பழுப்பு எண்ணெய் கசிந்து வந்தது.

சாக்கெட்டை போல்ட்டில் இருந்து பிரிக்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே மேசைமேல் கிடக்கின்றன. நாலாவது போல்ட்டை வண்டியில் இருந்து எடுத்து வந்த ரிங் ஸ்பேனர் ஒரே இழுப்பில் கழற்றியது. மோட்டாரைத் தூக்கி ரப்பர் வைத்து, புது போல்ட் நாலையும் மரையில் கிரீஸ் தடவி முதலில் கையாலேயே நாலு சுற்று இறக்கினேன். அப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தேன்.